பெரியவன் எழுதியது

பிப்ரவரி 9

புலிக்கு,

உன்னைக் கணக்குப் புலி என்று கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. போன் செய்தால் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறாள் ஒரு பதிவுக்குரல்காரி. இப்போதெல்லாம் உன்னைவிட அவளிடம்தான் எனக்குப் பழக்கம் அதிகம். நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது என் மரமண்டைக்குப் புரியவே பத்து நாள் ஆனது. மெயில் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. அதனால்தான் காகிதம். தபால்காரர் வாசலில் நின்றால் வாங்கித்தானே ஆக வேண்டும்? இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நீ வேலை பார்க்கும் தேடுபொறியால் இதைப் படிக்க முடியாது.

அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்த மறுநாள் நடந்ததை நானும் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நீ அவருடைய கட்டிலில் உட்கார்ந்து அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் டீ கொண்டுவந்தேன். நீ நிமிர்ந்து, "நீ எழுதறதை என்னைக்காவது நீ படிச்சுப் பார்த்திருக்கியாண்ணா?" என்று கேட்டாய். டீ ஆறிப்போனது. இரண்டு நாள் கழித்துப் போக வேண்டியவள் அன்றைக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, அப்பாவின் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். ஐம்பத்து நான்கு படி இறங்கும்வரை நீ வாயைத் திறக்கவில்லை.

என் மேல் என்ன கோபம்? இரண்டு தெரு தள்ளி இருந்தும் நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை என்றா? புலி, அவர் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார். அவர் இறந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, நான் போய்ப் பார்த்தேன். லேசாக நெஞ்சு எரிகிறது என்றார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "வேணாம்டா, அதையெல்லாம் படிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணுமில்லை" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். ஏதோ ரகசியம் தெரிந்தவர் சிரிக்கிற மாதிரி.

அவர் போனில் தேடக் கற்றுக்கொண்டதே பெரிய கூத்து. உனக்குச் சொன்னேனா? முன்பெல்லாம் தேடுபெட்டியில் கடிதம்தான் எழுதுவார். "ஐயா, வணக்கம். என் குளியலறைக் குழாய் காலையில் மட்டும் சொட்டுகிறது. காரணம் என்னவாக இருக்கும்? தயவுசெய்து தெரிவிக்கவும்." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். அது ஆள் இல்லை, மெஷின். ஐயாவும் வேண்டாம், வணக்கமும் வேண்டாம், மூன்று வார்த்தை போட்டால் போதும் என்றேன். "மூணு வார்த்தையில அதுக்கு என்னடா புரியும்?" என்றார். ஆனாலும் நான் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுகிற தொழிலில் இருப்பவன் ஆயிற்றே, கேட்டுக்கொண்டார்.

என் தொழில்தான் இப்போது ஊசலாடுகிறது. டிசம்பரில் உங்கள் தேடுபொறியில் ஏதோ மாற்றினீர்களாம், எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். எங்கள் எடிட்டரம்மா உங்கள் கம்பெனியைத் திட்டாத நாளில்லை. அங்கே என் தங்கை இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

அப்பா போனில் இருக்கும் படங்களையாவது அனுப்பு.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

கடிதம் கிடைத்தது. படங்களைப் பென் டிரைவில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் 212. அவற்றில் 61 படங்களில் அவருடைய கட்டைவிரல் மட்டுமே தெரிகிறது. அதையும் அழிக்கவில்லை. போன் என்னிடமே இருக்கட்டும்.

டிசம்பரில் ஏதோ மாற்றினோம் என்று எழுதியிருந்தாய். உன் எடிட்டருக்குச் சொல்ல வேண்டாம், உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது கோளாறு என்று போன் வருமே, நினைவிருக்கிறதா? டீச்சரம்மா "லிஃப்ட் இருமுது" என்பார். நான்காம் மாடித் தையல்காரர் "உள்ள யாரோ பல்லைக் கடிக்கிறாங்க" என்பார். அப்பா இரண்டு பேருக்கும் ஒரே ஸ்பேனரையும் ஒரே கிரீஸ் டப்பாவையும்தான் எடுத்துக்கொண்டு போவார். வார்த்தை வேறு, கோளாறு ஒன்று என்று அவருக்குத் தெரியும். பழைய தேடுபொறிக்கு அது தெரியாது. இருமல் என்று யாராவது எழுதினால் இருமல் மருந்தைக் காட்டும். எந்தப் பக்கத்தில் அந்த வார்த்தை அதிகமாக இருக்கிறதோ அதை முன்னால் நிறுத்தும்.

புதியது அப்படியில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்களாக்கி, ஒரு பெரிய வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் கொடுக்கிறது. சொல்லவரும் சங்கதி ஒன்றாக இருந்தால், வார்த்தைகள் வேறாக இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து இடம். ஒருவர் கேட்கும் கேள்வி எங்கே விழுகிறதோ, அதன் அண்டை வீட்டுப் பக்கங்கள் மேலே வரும். ஒரே வார்த்தையை நீ இருபது தடவை எழுதினாலும் அந்தப் பக்கத்தின் இடம் நகராது. உங்கள் தளம் சரிந்தது என்றால், சரிய வேண்டிய பக்கங்கள் சரிந்திருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது நியாயமில்லை. அப்பா தன் போனில், படித்த பக்கங்களைச் சேமித்து ஒரு தொகுப்பு வைத்திருந்தார். அதன் தலைப்பு "பெரியவன் எழுதியது". உங்கள் தளத்தில் எழுதுகிறவர் பெயரே போடுவதில்லை. ஆனாலும் எப்படியோ உன்னுடையதைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார். பதினேழு பக்கங்கள்.

உன்னிடம் நான் ஒன்று கேட்கிறேன். நெஞ்செரிச்சல் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாய் அல்லவா, அதைத் தளத்திலிருந்து எடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே.

தங்கை


மார்ச் 20

புலிக்கு,

பதினேழு! நீ எழுதிய அந்தப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிக்கொண்டுதான் போனார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை. பெயர் போடாத இடத்தில் ஆறு வருடமாக எழுதுகிறேன். மனுஷனுக்கு எங்காவது ஒரு கையெழுத்து வேண்டாமா? அதனால் ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் அம்மா சொல்வாளே, "கவலையைக் கழட்டி ஆணியில மாட்டு" என்று, அதை ஒரு வரியாக எழுதிவிடுவேன். குழாய் சொட்டினாலும் சரி, கதவு துருப்பிடித்தாலும் சரி, கடைசியில் கவலையைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். அம்மா போன பிறகு அந்த வரியைச் சொல்கிற ஆள் இந்த உலகத்தில் நாம் மூன்று பேர்தானே. அப்பா பார்த்தவுடனே பிடித்திருப்பார், திருட்டு மனுஷன். ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை.

எந்தெந்தப் பதினேழு? பட்டியல் அனுப்பு. செருப்பைப் பற்றி எழுதியது இருக்கிறதா?

நெஞ்செரிச்சல் விஷயம். எடிட்டரம்மாவிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் படுத்துவிட்ட பிறகும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இன்னும் தினமும் ஆயிரம் பேர் வருகிறார்களாம். பொன்முட்டை போடும் வாத்தை அறுக்கச் சொல்கிறாயா என்றார். உங்கள் புதிய வித்தையும் அதனிடம் பலிக்கவில்லை பார்த்தாயா? அவசரத்தில் மூன்று வார்த்தை தட்டுகிறவர்கள் எல்லோரும் நேராக அங்கேதான் வந்து விழுகிறார்கள்.

எனக்கு அதன் மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை. நாற்பது நிமிடத்தில் எழுதியது. திங்கட்கிழமைதோறும் எங்களுக்குக் கீவேர்ட் பட்டியல் வரும், அந்த வாரம் ஜனங்கள் எதையெல்லாம் தட்டுகிறார்கள் என்று. அத்தனையும் கட்டுரைக்குள் வந்தாக வேண்டும். எனக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வாயுத்தொல்லை எல்லாம் சரளமாக வந்துவிட்டன. கடைசியில் "கை மரத்தல்", "வேர்வை" என்று இரண்டு வார்த்தை மிச்சம். ஏன் அந்தப் பட்டியலில் இருந்தன என்றுகூட யோசிக்கவில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சிய ஆட்களை எந்த வண்டியிலாவது ஏற்றிவிடுவார்களே, அந்த மாதிரி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஏற்றி அனுப்பினேன்.

ஆனால் நீ எதற்கு அதை எடுக்கச் சொல்கிறாய்? கேட்காதே என்றாய். கேட்கிறேன். எத்தனையோ குப்பை எழுதியிருக்கிறேன், எதையும் நீ எடுக்கச் சொன்னதில்லை. சொல்லிவிடு.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

இந்தக் கடிதத்தை இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தேதியை மட்டும் நான்கு முறை மாற்றியிருக்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான், நேராகச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பாவின் போனில் அவர் தேடியதெல்லாம் தேதி, நேரத்தோடு இருக்கிறது. அன்றைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவர் இறந்தது வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை 10:32-க்கு அவர் எழுதியது இது: "ஐயா, வணக்கம். மூன்று நாளாக மாடி ஏறும்போது நெஞ்சு எரிகிறது. இடது கை மரத்துப்போகிறது, வேர்க்கிறது. உட்கார்ந்தால் போய்விடுகிறது. இது என்னவாக இருக்கும்? மகனிடம் சொன்னால் பயந்துவிடுவான்."

அதற்கு எங்கள் தேடுபொறி என்ன காட்டியது தெரியுமா? மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்டும் கடைகள். நாற்காலி விளம்பரம். வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டியது. அவர் டைல்ஸ் கடை ஒன்றைத் திறந்துகூடப் பார்த்திருக்கிறார், பாவம்.

10:40-க்கு மறுபடி தேடினார். இந்தத் தடவை மூன்றே விஷயம். "நெஞ்செரிச்சல் கை மரத்தல் வேர்வை". ஐயா இல்லை, வணக்கம் இல்லை. மாடி ஏறும்போது என்பதும் இல்லை, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்பதும் இல்லை. முதலில் வந்தது உன் கட்டுரை. அதில் நீ எழுதிய வாக்கியத்தை நீயே போய்ப் படி. "சிலருக்குக் கை மரத்தல், வேர்வை போன்றவையும் சேர்ந்து வரலாம், பயப்படத் தேவையில்லை." அந்தப் பக்கம் பதினொரு நிமிடம் திறந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி எதையும் தேடவில்லை.

புதன்கிழமை உன்னிடம் "படிச்சுப் பார்த்துட்டேன்" என்று சொன்னது இதைத்தான்.

உன் முதல் கடிதத்தில் மூன்று வார்த்தைப் பாடத்தை நீ வேடிக்கையாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று வந்தது. கிழிக்கவில்லை. ஏனென்றால் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பக்கத்தில் நானும் ஏறி நிற்க வேண்டும்.

நம் மொழிக்குப் புதிய முறையைத் திறந்துவிடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். அக்டோபர் கடைசியிலேயே அது தயாராக இருந்தது. முந்நூறு மாதிரிக் கேள்வி கொடுத்துச் சோதித்தேன். பதினொரு கேள்விக்கு வந்த பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. குழுவில் எல்லோரும் போதும், விடு என்றார்கள். நான்தான் பிடித்த பிடியில் நின்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். அந்தப் பதினொன்றில் ஒன்று சைக்கிள் செயின் ஏன் கழன்றுகொள்கிறது என்ற கேள்வி. சைக்கிள் செயினுக்காக நான் காத்திருந்தபோதுதான் அப்பா டைல்ஸ் கடையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே திரும்பி வந்த அன்றைக்கே, புதிய முறையில் அவர் எழுதிய முழு வாக்கியத்தையும் ஐயாவோடு, வணக்கத்தோடு கொடுத்தேன். முதல் பதில் ஓர் இருதய மருத்துவமனையின் பக்கம். உடனே கிளம்பி வாருங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

உன் போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன். சொன்னால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதம் தாங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. ஆயிரம் பேர் தினமும் அந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று எழுதினாயே. இனிமேல் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

தங்கை


மே 3

புலி,

படித்தேன்.

மறுநாளே ஆபீசுக்குப் போய் அந்தக் கட்டுரையை நீக்கினேன். யாரையும் கேட்கவில்லை. என் பாஸ்வேர்டுக்கே அந்த அதிகாரம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். எடிட்டரம்மா ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "அந்தப் பட்டியலை அனுப்பினது நான்தானே" என்றார். பிறகு நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் தடுக்கவும் இல்லை.

நீக்குவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கப் படித்தேன், நீ கேட்ட மாதிரி. "நீ எழுதறதை என்னைக்காவது நீ படிச்சுப் பார்த்திருக்கியா?" இல்லை புலி, படித்ததில்லை. மிஞ்சிப்போன இரண்டு வார்த்தையை எங்கேயாவது ஏற்ற வேண்டும் என்பதற்காக ஒரு வாக்கியம் எழுதினேன். அந்த வாக்கியம் போய் நம் அப்பாவின் கையைப் பிடித்து, ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறது. அவருடைய மகன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அது சொல்லிவிட்டது, தப்பாக.

அவர் வீட்டுப் படிக்கட்டுக்குப் போனேன். ஊரெல்லாம் லிஃப்ட் சரிசெய்த மனுஷனுக்குக் குடியிருக்க வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று நாம் கிண்டல் செய்வோமே. எண்ணிக்கொண்டே ஏறினேன். அவர் கடைசியாக உட்கார்ந்த இடம் நாற்பத்தோராவது படி. பக்கத்து வீட்டு அம்மா காட்டினார். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, யாருக்கோ காத்திருக்கிறவர் மாதிரி இருந்தாராம். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். இன்னும் பதின்மூன்று படிதான் பாக்கி.

உன் மேல் எனக்கு வருத்தமில்லை. சைக்கிள் செயின் கேள்விக்கும் சரியான பதில் வர வேண்டும் என்று நினைத்தவள் நீ. நான் எந்தக் கேள்விக்கும் அப்படி நினைத்ததில்லை. இரண்டும் ஒன்றில்லை.

ஒரே ஒரு கேள்வி. நீ கணக்குத் தெரிந்தவள், சரியாகச் சொல்வாய். அந்தக் கட்டுரையின் கடைசி வரியிலும் அம்மாவின் ஆணி இருக்கிறது. பழக்கதோஷம், அதிலும் எழுதிவைத்திருக்கிறேன். அப்பா அதைப் பார்த்தாரா? நான் எழுதியது என்று தெரிந்துதான் நம்பினாரா? யாரோ எழுதியது என்று படித்திருந்தால் என்னால் எப்படியாவது மிச்ச நாளைத் தள்ளிவிட முடியும். பெரியவன் எழுதியது, தப்பாக இருக்காது என்று அவர் நினைத்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தொகுப்பில் அது இருக்கிறதா?

அண்ணன்


மே 19

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றைக்கே எழுதுகிறேன்.

இல்லை. அந்தத் தொகுப்பில் அது இல்லை. இப்போதுதான் போனை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குழாய் சொட்டுவது இருக்கிறது. இரும்புக் கதவில் துரு இருக்கிறது. நீ கேட்ட செருப்பு இருக்கிறது, அதை இரண்டு தடவை சேர்க்கப் பார்த்திருக்கிறார். வாடகை வீட்டில் சுவர் கெடாமல் ஆணி அடிப்பது, சோபாவில் ஒட்டிய பூனை முடி, மழைக்காலத்தில் புத்தக அலமாரி. இப்படிப் பதினாறு பக்கங்களையும் பார்த்துவிட்டேன். எதிலும் நெஞ்செரிச்சல் இல்லை.

அவர் கடைசி வரிவரை போயிருக்கவே மாட்டார். அவருக்குப் பொடி எழுத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். நடுவில் தனக்கு வேண்டியது கிடைத்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். பக்கம் சும்மா திறந்து கிடந்திருக்கும். யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் எழுதியது என்றுதான் நினைத்திருப்பார். இதில் சந்தேகமே வேண்டாம். வேறு எதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்தப் படிக்கட்டுக்கு இனிமேல் போகாதே. போவதாக இருந்தால் நான் வந்த பிறகு இரண்டு பேருமாகப் போவோம்.

தங்கை


ஜூன் 28

புலிக்கு,

உன் பதில் வந்தது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதற்கு முதலில் நன்றி.

எட்டாம் நாள் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துப் படித்தேன். வேலை இல்லாதவனுக்கு வேறென்ன வேலை. மார்ச்சில் பதினேழு என்று எழுதியிருக்கிறாய். மே மாதம் பதினாறு என்கிறாய்.

ஏழு வயதில் அந்தப் படிக்கட்டை எண்ணி ஐம்பத்து நான்கு என்றவள் நீ. நான் ஐம்பத்திரண்டு என்று அடித்துச் சொல்லி, அப்பா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் எண்ண வைத்து, கடைசியில் என் மூக்குடைந்தது. அன்றைக்கு வந்ததுதான் கணக்குப் புலி என்ற பட்டம். 61 படத்தில் கட்டைவிரல் என்று எண்ணிச் சொன்னவள் நீ. உனக்கு எண்ணிக்கை தப்பி நான் பார்த்ததில்லை. நான்கு வரிக்கு மேல் ஆறுதல் எழுதியும் பார்த்ததில்லை. இந்தத் தடவை இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

பயப்படாதே, நான் உன்னைக் கூண்டில் ஏற்றவில்லை. நீ எழுதிய வார்த்தை என்ன என்பதை விட்டுவிட்டேன். எனக்காக நீ என்ன செய்தாய் என்பது புரிந்தது. புதன்கிழமை அப்பா ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும் புரிந்தது. என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு அது, புலி. மகனே வந்து வைத்தியம் சொன்ன மாதிரி அவருக்கு இருந்திருக்கிறது. தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து மூன்று நாள் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டேன். நீ இல்லை என்றாய். இல்லை என்றே இருக்கட்டும். இனி நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே.

இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சின்ன ஆஸ்பத்திரியின் தளத்துக்கு எழுதுகிறேன். கீவேர்ட் பட்டியல் கிடையாது. வெளியே காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து, உள்ளே போய் டாக்டரிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். ஒரு பெண் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்த பிறகுதான் எதுவும் தளத்தில் ஏறும். முன்பு நாற்பது நிமிடம். இப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரம்.

முதல் பக்கம் நேற்று ஏறியது. தலைப்பு அப்பாவின் கேள்வி, அவர் எழுதியது எழுதியபடி. மகன் பயந்துவிடுவான் என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன். தலைப்பில் "ஐயா, வணக்கம்" எதற்கு என்று டாக்டர் கேட்டார். இருக்கட்டும் டாக்டர் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பதில் இப்படித் தொடங்குகிறது: "ஐயா, இது இருதயமாக இருக்கலாம். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தனியாக மாடி இறங்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், பயந்தால் பயப்படட்டும்."

கடைசியில் அம்மாவின் ஆணி இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கவலையைக் கழற்ற வேண்டாம், மாட்டிக்கொண்டே கிளம்பட்டும். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த இடத்தில் முதல் தடவையாக என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அப்பாவின் போனை எடு. "பெரியவன் எழுதியது" தொகுப்பில் உன் கணக்குப்படி இப்போது ஒன்று குறைகிறது. இதைச் சேர்த்துப் பதினேழாக்கிவிடு.

அண்ணன்